21 அடிக்கு மேல் அனுமதி இல்லை

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவை ஒரு மலைச்சாலை குறுக்கே கடக்கிறது. 'கோயிங் டு தி சன் ரோடு' என்று பெயர். சுமார் 80 கிலோமீட்டர். அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளை விடுவதில்லை. பக்கக் கண்ணாடிகளும் அந்த அகலத்தில் சேர்த்தி. தம்பி வாடகைக்கு எடுத்திருந்த ஆர்.வி. 25 அடி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றோடும் சியாட்டிலிலிருந்து எங்களைச் சுமந்து வந்த அந்த வீட்டை, மெக்டொனால்டு ஏரியோரத்து ஃபிஷ் கிரீக் முகாமில் நிறுத்திவிட்டுத்தான் மேலே போனோம்.

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. இந்தச் சாலை பிறந்த கதை அப்படி. முதலில் வரைந்த திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. அப்படிப் போட்டால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க வடுவாகிவிடும் என்று எதிர்த்தார் தாமஸ் விண்ட் என்ற இளம் நிலவடிவமைப்பாளர். கார்டன் வால் என்ற செங்குத்துப் பாறைச் சரிவை ஒட்டியே, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவோடு ஏறிவிடலாம் என்றார். செலவு அதிகம்தான். ஆனாலும் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர் 1924-இல் அந்த வழியையே ஏற்றார். பாறையைக் குடைந்த வேலையில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 1933-இல் திறப்பு விழா நடந்தது.

வண்டிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, சாலையையும் அகலப்படுத்தினால் என்ன என்று பக்கத்து முகாம்காரர் கேட்டார். அகலப்படுத்த வேண்டுமானால் விண்ட் எதைக் காப்பாற்றப் போராடினாரோ அதைத்தான் வெட்ட வேண்டும். வண்டியைச் சிறிதாக்கிக்கொள்ள நம்மால் முடியும். மலையை வேறோர் இடத்தில் வைக்க முடியாது.

1930-களில் செய்த சிவப்புப் பேருந்துகள் இன்னும் அந்தச் சாலையில் ஓடுகின்றன. கூரைத் துணியைச் சுருட்டிவிட்டால் தலைக்கு மேலே பாறையும் அருவியும் வானமும்தான். 2,026 மீட்டர் உயரத்து லோகன் கணவாயில், ஜூலையிலும் பனித்திட்டுகளுக்கு நடுவே வெள்ளாடு போன்ற மலையாடுகள் நின்றன. ஆர்.வி.யின் கண்ணாடிக்குள்ளிருந்து இதைப் பார்த்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

முகாமிலும் பூங்கா அதே கண்டிப்போடு இருக்கிறது. வண்டியில் சொருகிக்கொள்ள மின்இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. ஜெனரேட்டரைக் குறித்த நேரத்தில் மட்டுமே ஓட்டலாம். தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். கழிவுநீர் இன்னொரு தொட்டியில் சேரும். அதை டம்ப் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். "அண்ணி, பாத்திரத்தைத் துடைச்சுட்டு அப்புறம் கழுவுங்க, தொட்டி நிரம்பிடும்" என்று தம்பி மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும் தண்ணீர், இங்கே சுவரில் சிறு விளக்குகளாக எரிந்து, எவ்வளவு மீதம் என்று காட்டுகிறது.

வெளியே மேசையில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டோம். முடிந்த மறுநிமிடம் எல்லாம் வண்டிக்குள் போய்விட வேண்டும்: பாத்திரம், எண்ணெய், குப்பை, பற்பசைகூட. "அத்தை, ஊறுகாய் பாட்டில்!" என்று தம்பி மகள் ஓடிவந்து எடுத்துப்போனாள். கருங்கரடியும் கிரிஸ்லிக் கரடியும் உலவும் காடு இது. ஒருகாலத்தில் இங்கே கிரானைட் பார்க் விடுதியின் மிச்சச் சோற்றைத் தின்னக் கரடிகள் வரும். விருந்தினர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 1967 ஆகஸ்டில் ஒரே இரவில், அந்த விடுதிக்கு அருகிலும் வேறோர் ஏரிக்கரையிலும், இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லிகள் கொன்றன. பூங்கா நிர்வாகம் குப்பையையும் உணவையும் பார்க்கும் விதமே அதன்பின் மாறியது. மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடியைப் பெரும்பாலும் கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். ஊறுகாய் பாட்டிலை மூடி உள்ளே வைப்பது கரடிக்காகவும்தான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. பூங்காவுக்குப் பெயர் கொடுத்த பனியாறுகள் உருகிக்கொண்டிருக்கின்றன; 2015 அளவீட்டில் பனியாறு என்று சொல்லத்தக்க அளவில் எஞ்சியவை 26. அவற்றைப் பார்க்க, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் வந்திருக்கிறோம். சியாட்டிலில் மாலை ஏறினால் மறுநாள் காலை வெஸ்ட் கிளேசியரில் இறக்கிவிடும் எம்பயர் பில்டர் ரயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பூங்காவுக்கு மக்களைக் கூட்டிவந்ததே ரயில் கம்பெனிதான். அடுத்த முறை ரயிலில் வந்து கூடாரம் போடலாம் என்றேன். தம்பி யோசிக்கிறான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருக்கும் படுக்கையை விட்டுக்கொடுக்க அவன் மகளுக்கு மனமில்லை. ரயிலிலும் மேல் படுக்கை உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.