75 பந்து போதும்

நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கும் வசந்தகாலச் சனிக்கிழமைகளில் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு. பத்து வயதுப் பேரன் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பால் ஆட்டத்தில், பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ண வேண்டும். எண்ணுவதற்கென்று ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்பது விதி. பெற்றோரில் யாரும் முன்வராத ஒருநாள், “அத்தை, பேங்க்ல கேஷ் எண்ணினவங்க நீங்க, உட்காருங்களேன்” என்றார் மாப்பிள்ளை. உட்கார்ந்துவிட்டேன். இப்போது அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை பந்து வேறு கைக்குப் போய்விடும். பேஸ்பாலில் அப்படியில்லை. கோச் மாற்றும்வரை ஒரே பையன்தான் வீசிக்கொண்டே இருப்பான். முன்பு இதற்கு இன்னிங்ஸ் கணக்கில்தான் வரம்பு இருந்தது. ஒரு இன்னிங்ஸ் பத்துப் பந்தில் முடியலாம், நாற்பதுக்கும் இழுக்கலாம். கைக்குத் தெரிவது பந்துக் கணக்கு மட்டுமே. அதனால் 2007 முதல் லிட்டில் லீக் பந்துகளையே எண்ணத் தொடங்கியது. 7, 8 வயதுக்கு ஒரு நாளில் 50 பந்து. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 66 பந்தோ அதற்கு மேலோ வீசிய பையனுக்கு அடுத்த நான்கு நாட்கள் ஓய்வு. 41 பந்தைத் தொட்டுவிட்டால், அன்று அவன் கேட்சராகவும் உட்காரக் கூடாது. கேட்சரும் ஓயாமல் பந்தைத் திருப்பி எறிபவர்தான்.

காரணம் முழங்கையில் இருக்கிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதி உண்டு. ஓங்கி எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத் தசையும் தசைநாரும் அந்த இடத்தை இழுக்கின்றன. ஓய்வில்லாமல் இழுபட்டால் அது வீங்கும், சில பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்து பிரியவும் செய்யும். பத்து வயதில் இதற்கு மருந்து, எறியாமல் இருப்பதுதான்.

இவ்வளவு தெரிந்தும் 75ஆவது பந்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் அணி ஒரு ரன் முன்னிலை, கடைசி இன்னிங்ஸ். பேரன் நன்றாக வீசிக்கொண்டிருந்தான். 75 என்று விரல் காட்டினேன். எதிரில் நிற்கும் மட்டையாளரை முடிக்கும்வரை வீச விதி இடம் தருகிறது, முடித்தான். கோச் அவனை மாற்றியதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களே முணுமுணுத்தார்கள். “இன்னும் ஒருத்தன்தானே” என்றார் ஒருவர். பேரன் கண்கலங்கி வந்து, “ஆச்சி, எனக்கு வலிக்கவே இல்லையே” என்றான். வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தக் கணக்கு! அன்று நாங்கள் தோற்றோம். அந்தத் தோல்வியில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இந்த விதி பிள்ளைகளை அல்ல, பெரியவர்களையே கட்டுப்படுத்துகிறது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய இந்த லீக்கில், நான் மதிக்கும் மாற்றங்கள் பலவும் அப்படி வந்தவைதான். எவ்வளவு சுமாராக ஆடும் பிள்ளைக்கும் ஒரு முறையாவது மட்டை பிடிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. என் ஏழு வயதுப் பேத்தி தொப்பி மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. 1972இல் இதே மாநிலத்தின் ஹோபோகனில் மரியா பெப்பே என்ற சிறுமியை, பெண் என்பதற்காக அணியிலிருந்து விலக்க வைத்தார்கள். வழக்கு நடந்து, 1974இல் லீக் சிறுமிகளுக்குக் கதவைத் திறந்தது. பெரியவர்களின் நல்ல மனதை மட்டும் நம்பியிருந்தால் பேத்தி இன்றும் வேலிக்கு வெளியேதான் நின்றிருப்பாள்.

ஆனால் என் கணக்குத் தாளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. லீக் ஆட்டத்தில் வீசியது மட்டுமே அதில் ஏறும். பிள்ளைகள் பலர் பணம் கட்டி டிராவல் அணிகளிலும் ஆடுகிறார்கள். சனிக்கிழமை இங்கே 60 பந்து வீசியவன், ஞாயிற்றுக்கிழமை வேறு ஊரில், வேறு சட்டையில் மறுபடியும் வீசுவான். இரண்டு கோச்சுகளும் தத்தம் கணக்கில் சரியாகவே இருப்பார்கள். கைக்கு மட்டும் கணக்கு ஒன்றுதான். அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மேஜர் லீக்கும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மாதம் எறிவதை விட்டு ஓய்வெடுக்கச் சொல்கிறது. ஒரே சமயத்தில் பல அணிகளில் ஆடுவதையும் தவிர்க்கச் சொல்கிறது. அது அறிவுரை மட்டுமே. நிறைவேற்ற வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளின் பெயரில் வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். எந்த அணிக்கு வீசினாலும் தேதியும் பந்துக் கணக்கும் அதில் ஏறட்டும். அடுத்த ஆட்டத்துக்கு முன் அதை கோச்சிடம் காட்டுங்கள். பெற்றவர்களுக்கு வேலை, ஓட்டம், பிள்ளையின் எதிர்காலம் பற்றிய ஆசை என்று ஆயிரம் இருக்கும். தாத்தா பாட்டிகளுக்கு நேரம் இருக்கிறது. ஒரு கோப்பைக்காகப் பேரனின் கையைப் பணயம் வைக்கும் அவசரம் நமக்கு இல்லை. ஆறு மாதம் பிள்ளைகள் வீட்டில் தங்கப்போகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காலை மாலை என்று கோச்சிங் கேம்பில் வேகப்பந்து வீசும் பேரனைக் கூட்டிவரப் போகும்போது, எத்தனை விக்கெட் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை பந்து வீசினான் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், நாளையிலிருந்து நீங்களே எண்ணத் தொடங்குங்கள்.