எத்தனை செய்வது என்று யார் சொல்வது?

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் நடந்த ஆடை அணிவகுப்பில் இத்தாலியின் பிராடா நிறுவனம் ஒரு தோல் செருப்பைக் காட்டியது. பார்த்தவுடன் கோலாப்பூர் செருப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த ஊர்ச் செருப்பு, யாருடைய கைவேலை என்று ஒரு வார்த்தையும் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தமும் போட்டது. 2,000 ஜோடி மட்டும் செய்யப்படும், ஒரு ஜோடி சுமார் 800 யூரோ என்று அறிவித்தார்கள். நம் பணத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தலைமுறை தலைமுறையாகத் தலித் கைவினைஞர்கள் தைத்துவரும் இந்தச் செருப்பு உள்ளூர்ச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும்.

எல்லோரும் விலையைப் பற்றிப் பேசினார்கள். என்னை உறுத்தியது அந்த 2,000 என்ற எண். ‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லுக்குள் ஓர் அதிகாரம் இருக்கிறது. இவ்வளவுதான் செய்வேன், இதற்கு மேல் கிடையாது என்று சொல்லும் அதிகாரம். செய்கிற கைக்கு அது எப்போதாவது இருந்திருக்கிறதா?

நான் இதை எழுதுவது சிக்கலிலிருந்து. நாகப்பட்டினத்து முருகன் கோயில் சிக்கல் அல்ல, இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்துச் சிக்கல். இங்கிருந்து சாயல்குடி வரை பனங்காடுதான். முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்பகுதியில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களோடு பேசி வருகிறேன். “எத்தனை பெட்டி முடையணும்னு எப்படிக்கா முடிவு பண்றீங்க?” என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். “நான் எங்க தம்பி முடிவு பண்றேன்? முன்பணம் குடுக்கிறவுகல்ல முடிவு பண்றாக” என்றார்.

அவர் மனதில் ஒரு கணக்கு ஓடாமல் இல்லை. குருத்தோலை எவ்வளவு கிடைக்கும், அளவுக்கு மீறி வெட்டினால் மரம் தளர்ந்துவிடுமே, மழை பிடித்தால் ஓலை காயாமல் பூஞ்சை பிடிக்குமே, வீட்டு வேலை போக எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று எல்லாம் தெரியும். இயற்கையும் உடம்பும் போடும் வரம்பு அது. ஆனால் கடைசி எண்ணைச் சொல்வது இவை எதுவும் அல்ல.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓலை, சாயம், கூலி சேர்த்து ஒரு பெட்டிக்கு 120 ரூபாய் ஆகிறது, 200 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் 80 ரூபாய் லாபம், விற்காவிட்டால் 120 ரூபாய் நட்டம். பத்துக்கு ஆறுக்கு மேல் விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த பெட்டியை முடைய முடியும். அதே பெட்டியை 200 ரூபாய்க்கு வாங்கி 2,000 ரூபாய்க்கு விற்கும் நகரத்துக் கடைக்கு, விற்றால் 1,800 லாபம், விற்காவிட்டால் 200 நட்டம். பத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே அவர்களுக்குப் போதும்.

அதாவது, தேங்கிப்போகும் சரக்கைத் தாங்கும் வலு கடைக்கு இருக்கிறது, முடைபவருக்கு இல்லை. நடப்பதோ தலைகீழ். “வைத்துவிட்டுப் போங்கள், விற்றதும் பணம் தருகிறோம்” என்கிறது கடை. விற்காதது திரும்பி வருகிறது. நட்டம் முழுக்க முடைந்தவர் தலையில். பெரிய நிறுவனம் குறைவாகச் செய்வது விலையை ஏற்ற. இந்த அக்கா குறைவாகச் செய்வது பயத்தால்.

இதைச் சந்தையின் இயல்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. சிக்கலிலிருந்து கமுதி தொலைவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மீது இராமநாதபுரம் அரசர் தரப்பு வழக்குத் தொடுத்தது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பனைத் தொழிலின் ‘இழிவு’ அங்கே வாதமாக வைக்கப்பட்டது. தோல் தொட்டவர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. தொழிலை இழிவு என்று முத்திரை குத்தினால் அந்தக் கூலியைக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. கைவினைஞரின் விலை குறைவாக இருப்பதற்குச் சாதியும் ஒரு காரணம். விலை குறைந்தால், மேலே பார்த்த கணக்கில், துணிவும் குறையும்.

அதே நாடார்கள் மகமை என்ற பொதுநிதி சேர்த்துப் பேட்டைகளும் பள்ளிகளும் கட்டினார்கள். நட்டத்தைத் தாங்கப் பின்னால் ஒரு நிதி இருந்தால் பேரம் பேசும் குரல் மாறும் என்பது இதில் தெரிகிறது. ஆனால் அது சாதிக்குள் சேர்ந்த நிதி. நமக்கு வேண்டியது முடைகிற, தைக்கிற எல்லாக் கைகளும் சேரும் கூட்டுறவு நிதி.

அரசுக் கடனும் இதே கேள்வியில்தான் நிற்கிறது. ஒன்றிய அரசின் 2023 விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலைச் செய்பவர்களை நோக்கியது, 18 வயதிலேயே சேரலாம். குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழ்நாடு அரசு, அது நடக்காததால் 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 விழுக்காடு மானியம். படிக்க வேண்டிய வயதில் பிள்ளையை அப்பன் தொழிலில் உட்கார வைக்காதே என்ற அந்த மறுப்பு சரியானது. ஆனால் கடன் மூலப்பொருளை வாங்கித் தரும், விற்காமல் திரும்பும் பெட்டிக்குப் பதில் சொல்லாது.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இவை. அரசு விற்பனை நிலையமோ தனியார் கடையோ, சரக்கை விலைக்கு வாங்கட்டும், திருப்பி அனுப்பும் பழக்கம் ஒழியட்டும். பாதிப் பணம் முன்கூட்டியே வரட்டும். எத்தனை, எந்த நாளுக்குள் என்பதை முடைபவர்களின் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி எழுதட்டும். ‘100 பெட்டிகள் மட்டும்’ என்று அட்டையில் அச்சிடுபவர்கள், ஒரு பெட்டிக்குக் கொடுத்த கூலியையும் அச்சிடட்டும்.

வாங்கும் நமக்கும் வேலை இருக்கிறது. அழகான கைவேலையைப் பார்த்ததும் படம் எடுத்துப் போடுகிறோம், ‘பாரம்பரியம்’ என்று மெச்சுகிறோம். அடுத்த முறை கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது விற்காமல் போனால் நட்டம் யாருக்கு?

‘இந்த மாதம் நாற்பதுதான், மகளுக்குப் பரீட்சை இருக்கிறது’ என்று அந்த அக்கா சொல்லி, கடை அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த மகள் பெட்டி முடைவாளா மாட்டாளா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும்.