ஜோஹோமெயில்.இன், யாஹூ.கோ.இன், கவ்.இன்... உங்க மெயில் ஐடி-யோட 'கரை' யாருக்குச் சொந்தம்?

2025 அக்டோபர் 8. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா எக்ஸ் தளத்துல ஒரு பதிவு போட்டார். தான் ஜோஹோ மெயிலுக்கு மாறிவிட்டதாகவும், இனி புது முகவரிக்கு எழுதும்படியும் சொன்னார். அந்த முகவரி 'ஜோஹோமெயில்.இன்' என்று முடிந்தது.

அதே மாதம் இன்னொரு செய்தியும் வெளியானது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அலுவலக மெயில், தேசிய தகவலியல் மையத்தின் (என்.ஐ.சி) பழைய அமைப்பிலிருந்து ஜோஹோ தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கு. இதற்கான 7 வருட ஒப்பந்தம் 2023-லயே ஜோஹோவுக்குக் கிடைச்சது. ஆனா, இந்த 12 லட்சம் பேர்ல யாரும் 'என் முகவரி மாறிடுச்சு'னு பதிவு போட வேண்டிய அவசியமே வரல. கவ்.இன், என்ஐசி.இன் என்ற பழைய முகவரிகளே தொடருது.

ரெண்டு பக்கமும் மெயிலைச் சுமக்கிறது ஒரே கம்பெனி. ஒரு பக்கம் முகவரியே மாறுது; இன்னொரு பக்கம் எழுத்துகூட மாறல. எப்படி? பதில், @ குறிக்கு அப்புறம் இருக்கிற டொமைன்ல இருக்கு.

கோர்வை மாதிரிதான் @

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். கோர்வைச் சேலையில உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் தனித்தனி நாடா. உடலும் கரையும் தனித்தனியா ஓடி, கோர்வையில ஒண்ணா சேருது.

மெயில் ஐடி-யும் அப்படித்தான். @-க்கு முன்னாடி இருக்கிற பேர் உடல். அது உங்க விருப்பம். பின்னாடி இருக்கிற டொமைன் கரை. @ ரெண்டையும் இணைக்கிற கோர்வை. நாம எல்லாரும் உடலை மட்டும்தான் பார்க்கிறோம். ஆனா, அந்த முகவரி நாளைக்கும் உங்ககிட்ட இருக்குமா என்பதை முடிவு பண்றது கரைக்குச் சொந்தக்காரர்.

கவ்.இன் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதனால பின்னால ஓடுற சர்வரை யார்கிட்ட கொடுத்தாலும் முகவரி அப்படியே நிக்கும். ஜோஹோமெயில்.இன் ஜோஹோவுக்குச் சொந்தம். நாளைக்கு ஜோஹோவை விட்டு வேற கம்பெனிக்குப் போனா, முகவரியை அங்கேயே விட்டுட்டுத்தான் போகணும். ஜிமெயில், யாஹூ எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ஜோஹோ குடும்பத்துல எத்தனை கரை?

1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2009-ல் 'ஜோஹோ கார்ப்பரேஷன்' ஆனது. அதோட எஸ்டான்சியா வளாகம் கூடுவாஞ்சேரி பக்கத்துல, ஜி.எஸ்.டி ரோட்டுல இருக்கு. 2019 நவம்பர் வரைக்கும் அது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்சதும் தபால் முகவரி மாறிடுச்சு. கட்டடம் ஒரு அடிகூட நகரல!

மெயில் விஷயத்துலயும் ஜோஹோவுக்கு ஒண்ணுக்கு மேல முகவரி உண்டு. பழைய தனிநபர் கணக்குகள் ஜோஹோ.காம்-ல முடியும். இப்போ இந்தியாவுல புதுசா கணக்கு திறக்கிறவங்களுக்கு ஜோஹோமெயில்.இன் கிடைக்குது. வெளிநாட்டுக் கணக்குகள்ல ஜோஹோமெயில்.காம் பார்க்கலாம். கம்பெனி ஊழியர்கள் பயன்படுத்துறது ஜோஹோகார்ப்.காம்.

இதுல கவனிக்க வேண்டியது கடைசி வித்தியாசம்தான். ஜோஹோமெயில்.இன் முகவரியை யார் வேணும்னாலும் இலவசமா எடுக்கலாம். அதனால 'ஜோஹோ சப்போர்ட்ல இருந்து பேசுறோம்'னு ஜோஹோமெயில்.இன்-ல இருந்து மெயில் வந்தா, அதை நம்பிடக் கூடாது. ஜிமெயில்.காம்-ல இருந்து வர்ற மெயில் எப்படி கூகுள் கம்பெனியோட கடிதம் ஆகாதோ, அதே மாதிரிதான்.

பொதுமக்களுக்குக் கொடுக்கிற டொமைனும், கம்பெனியோட முக்கிய தளமும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும்? 2018 செப்டம்பர் 24 அதுக்கு ஒரு பாடம். ஜோஹோ மெயிலைப் பயன்படுத்தி சிலர் மோசடி மெயில் அனுப்புறாங்கனு புகார் வந்ததால, ஜோஹோ.காம் பேரைப் பதிவு செஞ்சு கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்த டொமைனையே முடக்கிடுச்சு. கம்பெனியோட சேவைகள் வாடிக்கையாளர்கள் பலருக்குக் கிடைக்காம போச்சு. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல பகிரங்கமா உதவி கேட்க வேண்டிய நிலைமை. அதுக்கப்புறம் டொமைனை வேற நிறுவனத்துக்கு மாத்திட்டாங்க.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே டொமைன்தான் உயிர்நாடினா, சின்னக் கடைக்கு?

காந்தி ரோடு கடைப்பெட்டியில ஒரு குட்டி வரலாறு

வீட்டு பீரோவுல பழைய பட்டுச்சேலைப் பெட்டியோ, கல்யாண ஜவுளி எடுத்த பில்லோ இருந்தா எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற மெயில் ஐடி அந்தக் காலத்தைச் சொல்லிடும்.

விஎஸ்என்எல் என்று முடிஞ்சா, அது இன்டர்நெட்டோட முதல் தலைமுறை. 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது விதேஷ் சஞ்சார் நிகாம்தான். சென்னை முகவரிகள்ல 'எம்.டி' என்ற எழுத்துகள் வரும். மெட்ராஸ்னு அர்த்தம். 2002-ல் அந்த நிறுவனம் டாடா கைக்குப் போச்சு. 2008-ல் பேரே டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆச்சு. பி.எஸ்.என்.எல் கொடுத்த சஞ்சார்நெட்.இன் முகவரிகளும் ஒரு காலத்துல லெட்டர்பேடுகளை அலங்கரிச்சது. கனெக்‌ஷன் கொடுத்தவங்க கதை மாறினப்போ, அந்த ஐடி-களும் பழங்கதை ஆகிடுச்சு.

அப்புறம் யாஹூ.கோ.இன், ரெடிஃப்மெயில், ஹாட்மெயில் காலம். இதுல யாஹூ கதையைக் கொஞ்சம் விரிவா பார்க்கணும். ஏன்னா, இன்னைக்கும் பல கடை போர்டுகள்ல உயிரோட இருக்கிறது அதுதான்.

ஒரே பேர், வேற ஆள்

யாஹூ 1997-ல் 'ராக்கெட்மெயில்' சேவையை நடத்திய கம்பெனியை வாங்கி, யாஹூ மெயிலைத் தொடங்கியது. இந்தியாவுக்கு யாஹூ.கோ.இன் வந்தது. 2008-ல் ஒய்மெயில்.காம், ராக்கெட்மெயில்.காம் என்ற டொமைன்களையும் திறந்துவிட்டாங்க.

யாஹூ.காம், யாஹூ.கோ.இன், ஒய்மெயில்.காம் மூணும் ஒரே கம்பெனியோடதுதான். ஆனா ஒரே டப்பா இல்ல. 'கடைப்பெயர்@யாஹூ.கோ.இன்' காஞ்சிபுரத்துக்காரரோடதா இருக்கலாம், 'கடைப்பெயர்@ஒய்மெயில்.காம்' முன்பின் தெரியாத யாரோ ஒருத்தரோடதா இருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட்லயும் அப்படித்தான். 2013-ல் ஹாட்மெயில் அவுட்லுக்கா மாறினப்போ பழைய ஹாட்மெயில் முகவரிகள் அப்படியே வேலை செஞ்சது, இப்பவும் செய்யுது. ஆனா, ஹாட்மெயில்.காம்-ல உங்க பேர் இருக்குங்கிறதால அவுட்லுக்.காம்-லயும் அது உங்களுக்குக் கிடைச்சிடாது. கூகுள் மட்டும் இதுல விதிவிலக்கு: கூகுள்மெயில்.காம், ஜிமெயில்.காம் ரெண்டும் ஒரே இன்பாக்ஸுக்குத்தான் போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், கைவிட்ட ஐடி. 2013-ல் யாஹூ, 12 மாசமா யாரும் திறக்காத ஐடி-களைப் புதுசா கேட்கிறவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சது. விளைவு? புதுசா வாங்கினவங்களுக்குப் பழைய சொந்தக்காரரோட தனிப்பட்ட மெயில்கள் வந்து விழுந்தது. யாஹூவே 'இது என் மெயில் இல்ல'னு ஒரு பட்டன் வைக்க வேண்டியதாச்சு. கைவிட்ட ஜிமெயில் முகவரியை வேற யாருக்கும் கொடுக்க மாட்டோம்கிறது கூகுளோட கொள்கை. ஆனா, 2 வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கலாம். இலவசக் கணக்கைத் தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தலைன்னா நீக்கும் உரிமை உண்டுனு ஜோஹோவோட விதிமுறையும் சொல்லுது. 'ட்ரெண்ட்'ல சேர்ந்து ஐடி எடுத்துட்டு மறந்து போனவங்க கவனிக்க!

சேலை ஆர்டர்ல எங்க மாட்டுவோம்?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. வேற ஊர்ல நெய்ததை இந்த ஊர்ப் பேர்ல விற்கக் கூடாதுங்கிறதுதான் அதோட நோக்கம். பேரைக் காப்பாத்த சட்டம் இருக்கு. ஆனா, அந்தப் பேர்ல வர்ற மெயிலைக் காப்பாத்துறது யார்?

சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு 10 சேலை ஆர்டர் பண்ணியிருக்குனு வெச்சுக்குவோம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்ல, பில் மட்டும் மெயில்ல. நடுவுல ஒரு மெயில்: 'எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, முன்பணத்தை இதுல போடுங்க.' கடைப் பேர் அதேதான், லோகோவும் அதேதான். டொமைன் மட்டும் யாஹூ.கோ.இன்-க்குப் பதிலா ஒய்மெயில்.காம். போன்ல மெயில் ஆப் பெரும்பாலும் பேரை மட்டும்தான் பளிச்சுனு காட்டும். முழு முகவரியைப் பார்க்க பேர் மேல ஒரு தட்டு தட்டணும். யார் தட்டுறாங்க? பணம் போனதும் கெட்ட பேர் யாருக்கு? அந்த மெயிலையே பார்த்திராத கடைக்காரருக்கு; அவரை நம்பித் தறியில உட்கார்ந்திருக்கிற நெசவாளருக்கும்தான்.

கோயில் பக்கமும் இதே கவனம் வேணும். அறநிலையத் துறையோட இணையதளம் டிஎன்.கவ்.இன் என்றுதான் முடியும். பூஜை, அன்னதானத்துக்குப் பணம் கட்டச் சொல்லி வர்ற லிங்க் வேற எதுலயாவது முடிஞ்சா, ஒரு நிமிஷம் நில்லுங்க. வங்கிகளுக்கும் இப்போ தனிக் கரை வந்தாச்சு. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள்ள பேங்க்.இன் டொமைனுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அரசாங்கமும் ரிசர்வ் வங்கியும் 'கரை'யை வெச்சுத்தான் அடையாளம் காட்டப் பார்க்கிறாங்க. அப்போ நாமளும் கரையைப் படிக்கக் கத்துக்கணும்.

இப்போ என்ன செய்யலாம்?

* கடைசியில இருந்து படிங்க. டொமைனோட உண்மையான அடையாளம் வலது ஓரத்துல இருக்கு. கவ்.இன் நடுவுல வந்து, கடைசியில வேற ஏதாவது இருந்தா அது அரசுத் தளம் இல்ல.

* பழைய ஐடி-யை மூடாதீங்க. பேங்க், ஜி.எஸ்.டி, பாஸ்போர்ட், இன்ஸ்டாகிராம்னு எது எதுல அது இருக்குனு பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணா மாத்துங்க. அதுவரைக்கும் பழைய இன்பாக்ஸை மாசம் ஒரு தடவையாவது திறங்க. ரெகவரி போன் நம்பர் இப்போ உங்க கையில இருக்கிற நம்பர்தானானு பாருங்க.

* அக்கவுன்ட் நம்பர் மாறினா போன் பண்ணுங்க. ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்கு. மெயில்ல புதுசா வந்த நம்பருக்கு இல்ல. ஏமாந்துட்டா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

* கடைக்குச் சொந்த டொமைன் வாங்குங்க. ஒரு .இன் டொமைனுக்கு வருஷத்துக்கு ஆகிற செலவு, பெரும்பாலும் சில நூறு ரூபாயில இருந்து ஆயிரம் சொச்சம்தான். அதுல மெயிலை ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட்னு யார்கிட்ட வேணும்னாலும் ஓடவிடலாம், பிடிக்கலைன்னா மாத்தலாம். முகவரி மாறாது.

* பதிவு உங்க பேர்ல இருக்கணும். வெப்சைட் செஞ்சு கொடுத்த பையன் பேர்ல டொமைன் இருந்தா, அது அவரோடது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற தேதியை மறந்தா யாரோடதும் ஆகலாம்.

ஜோஹோவா, ஜிமெயிலானு இன்னும் நிறைய விவாதம் வரும். தமிழ்நாட்டுக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறதுல பெருமை இருக்கலாம், தப்பில்ல. ஆனா அடுத்த தடவை கடைக்குப் பெட்டி, பை, போர்டு அடிக்கக் கொடுக்கும்போது 'எந்தக் கம்பெனி மெயில்'னு கேட்கிறதுக்கு முன்னாடி, '@-க்கு அப்புறம் இருக்கிறது யார் பேர்ல பதிவாகியிருக்கு'னு கேளுங்க. அச்சடிச்ச பெட்டி பல வருஷம் வாடிக்கையாளர் வீட்டுல இருக்கும். அதுல இருக்கிற முகவரியும் அத்தனை வருஷம் உங்களோடதா இருக்கணும்ல?