சளியில கிருமி இருந்தா அது டிபிதானா?

1/ சிறுநீரகம், கல்லீரல்னு உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவங்களும் அவங்க வீட்டில் இருக்கறவங்களும் தயவுசெய்து முழுசா படிங்க. கொஞ்சம் நீளமான இழை.

2/ நீலகிரியில் அரசு மருத்துவமனை ஓ.பி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). சிறுநீரகம் மாத்தி சில வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. சளிப் பரிசோதனை பாசிட்டிவ். நம்ம ஊர்ல இதுக்கு ஒரே அர்த்தம், டிபி. மாத்திரை எழுத நானும் பேனாவை எடுத்துட்டேன். "சார், கிட்னி மாத்திரையோட இதையும் சேர்த்துச் சாப்பிடலாங்களா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியில கை நின்னுடுச்சு.

3/ டிபி கிருமி, மைக்கோபாக்டீரியம் என்கிற பெரிய குடும்பத்தில் ஒண்ணு. டிபி, தொழுநோய் கிருமிகள் போக அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு. அவற்றுக்குப் பொதுப்பெயர் என்டிஎம். மைக்ரோஸ்கோப்பில் எல்லாமே சிவப்புக் குச்சிதான். பார்த்துப் பிரிக்க முடியாது.

4/ மண், ஓடை, தொட்டி, குழாய்க்குள் படியும் வழுவழுப்பு, ஷவர் தலை, எல்லா இடத்திலும் இருக்கும். குளோரினுக்கும் லேசில் சாகாது. தேயிலைக்குப் பிடிச்ச அமில மண்ணும் ஈரமும் இதுக்கும் பிடிக்கும். நுரையீரல் நல்லா இருக்கிற, எதிர்ப்பு சக்தி உள்ளவங்களை பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. ஆனா டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு சாப்பிடறவங்க உடம்பில் காவல்காரனையே நாமதான் தூங்க வெச்சிருக்கோம்.

5/ வெளிநாட்டு நோய்னு நினைக்காதீங்க. 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவங்க இருந்தாங்க. பெரியவங்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்த ஊசி தடுக்கலைன்னு தெரிஞ்சப்போ உலகமே அதிர்ந்தது. அதுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது, அந்த மண்ணிலும் தண்ணியிலும் இருந்த என்டிஎம்.

6/ சரி, எதுவா இருந்தா என்ன, டிபி மருந்தையே கொடுத்துட்டா? இங்கதான் சிக்கல். டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைச் சரசரன்னு இறக்கிடும். கவனிக்கலைன்னா உடம்பு புது சிறுநீரகத்தை நிராகரிக்கும். என்டிஎம்முக்குத் தரும் கிளாரித்ரோமைசின் நேர் எதிர். டாக்ரோலிமஸை ஏத்திவிட்டு சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனைவியோ அம்மாவோ கொடுத்த சிறுநீரகம் தப்பான மாத்திரையால் போனா யார் பதில் சொல்றது?

7/ சிபிநாட் பரிசோதனை டிபி கிருமியை மட்டும்தான் தேடும். சளியில் குச்சி தெரியுது, சிபிநாட்டில் டிபி இல்லைன்னா, அது பெரிய துப்பு. அதை "மெஷின் கோளாறு"ன்னு ஒதுக்கிட்டு ஆறு மாச மருந்தை ஆரம்பிக்கறதைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். கல்ச்சர் போட்டு எந்த இனம்னு பார்க்கணும். ஒருமுறை வளர்ந்தது தண்ணியிலிருந்து வந்த கலப்படமாகவும் இருக்கலாம். அதனால சளியில் ரெண்டு முறையாவது அதே இனம் வரணும், சி.டி.யும் ஒத்துப்போகணும்.

8/ சக டாக்டர்கள் சண்டைக்கு வரலாம். இந்தியாவில் உறுப்பு மாற்றம் செய்தவங்களுக்கும் டிபிதான் அதிகம், தாமதிச்சா ஆபத்து. உண்மைதான். சிபிநாட் பாசிட்டிவ்னா காத்திருக்க வேண்டாம். ஆனா அப்பவும் முதல் மாத்திரைக்கு முன்னாடி மாற்று சிகிச்சை செய்த டாக்டருக்கு ஒரு போன். ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபியூட்டின் தரலாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

9/ மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் 2008-லிருந்து தமிழ்நாடு நாட்டுக்கே முன்மாதிரி. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக்கும் சிறுநீரகம் கிடைக்குது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனா ஆபரேஷனுக்குக் கொடுக்கற கவனத்தை அடுத்த இருபது வருஷத்துக்கு யார் கொடுப்பாங்க? ஒரு ரத்த அளவு பார்க்க மலை இறங்கி கோயம்புத்தூர் போனா ஒருநாள் கூலி போச்சு. இவங்க சளி பாசிட்டிவ்னா கல்ச்சரும் இனப் பரிசோதனையும் கட்டாயம்னு ஒரு உத்தரவு போடலாம். சாம்பிள் மலை இறங்கட்டும், நோயாளி வேண்டாம்.

10/ அந்த அண்ணனுக்கு சிபிநாட் நெகட்டிவ். கல்ச்சரில் ரெண்டு முறையும் ஆப்செசஸ் என்கிற இனம். வழக்கமான டிபி மருந்து எதுக்கும் மசியாது. அதுக்கான அமிகாசின் ஊசி சிறுநீரகத்துக்கே ஆகாது, அதனால ஒவ்வொரு டோஸும் கணக்குப் பார்த்துதான். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல மருந்து இருக்கு. கிரியேட்டினின் இதுவரை ஏறலை. போன வாரம் தலைவலி மாத்திரை கொடுத்தேன். அதுக்கும் அதே கேள்வி கேட்டார்.