விமான டிக்கெட்டில் இனிஷியலுக்கு இடம் வேண்டும்

தென் மாவட்ட விமான நிலையம் ஒன்றின் வாசல். காலை ஆறரை மணி. மகளின் பிரசவத்துக்காக மும்பைக்குக் கிளம்பிய ஆச்சி ஒருவர் சுருக்குப் பையைத் திறந்து ஸ்மார்ட் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். குடும்பத் தலைவி என்று அவருடைய படமே அதில் இருந்தது. காவலுக்கு நின்ற வீரர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார், செல்லாது.

"ஆதார் எங்க ஆச்சி?" என்று பதறினான் கூட வந்த பேரன்.

"பீரோவுல பத்திரமா பூட்டி வச்சிட்டு வந்தேன்ய்யா. தொலைஞ்சிட்டா அதுக்கு வேற யாரு அலையிறது?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பேரன் தன் போனில் இருந்த ஆச்சியின் ஆதார் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். அதுவும் செல்லாது. வரிசையில் நின்ற ஒருவர்தான், "பேங்க் பாஸ்புக் ஏதாச்சும் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். ரெக்சின் பையின் அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த பாஸ்புக் வந்தது. அரசு வங்கியின் பாஸ்புக். முதல் பக்கத்தில் படம், படத்தின் மேல் பாதி விழுந்த ஊதா முத்திரை. வீரர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போகலாம் என்று கை காட்டினார்.

அந்தப் பாஸ்புக் செல்லும் என்று ஆச்சிக்கும் தெரியாது, பட்டம் படித்த பேரனுக்கும் தெரியாது. உள்நாட்டு விமானத்தில் ஏற ஆதார் மட்டும்தான் வேண்டும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விதி அப்படி இல்லை. சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2017 அக்டோபரில் பத்து ஆவணங்களைப் பட்டியலிட்டது: பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பணி அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, படம் ஒட்டிச் சான்றளித்த தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் பாஸ்புக், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இவற்றில் ஏதாவது ஒன்றின் அசல் இருந்தால் போதும். பெற்றோருடன் வரும் சிறுவர்களுக்கு, பெற்றோரிடம் அடையாளம் இருந்தாலே போதுமானது.

தாராளமான பட்டியல்தான், மறுக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோர் கைக்கும் முதலில் அகப்படுகிற அட்டை இதில் இல்லை. 2017 ஏப்ரல் முதல் வழங்கப்பட்டுவரும் ஸ்மார்ட் குடும்ப அட்டையை மாநில அரசே அச்சடித்துத் தருகிறது. குடும்பத் தலைவரின் படம் அதில் உண்டு. அந்த ஒருவருக்காவது அதை அடையாளமாக ஏற்கத் தடையென்ன? கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கும் பட்டியலில் இல்லை. கிராமத்தில் பலரிடம் இருப்பது அதுதான்.

எந்த ஆவணமும் கையில் இல்லாதவர்களுக்கும் விதியில் ஒரு வழி உண்டு. நியாயமான காரணம் இருந்தால், மத்திய, மாநில அரசின் 'ஏ' பிரிவு அதிகாரி ஒருவர் படத்தில் சான்றொப்பமிட்டு வழங்கும் அடையாளச் சான்றிதழை ஏற்கலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பர்ஸைத் தொலைத்தவருக்கு இது கைகொடுக்கும். கோயம்பேட்டில் இறங்கும்போது பர்ஸ் பறிபோய், விடியற்காலை விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர் அந்த நேரத்தில் எந்த அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டுவார்?

சோதனையே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதை நாடு மறக்கவில்லை. அதன் பிறகுதான் விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் முதலில் ஜெய்ப்பூர், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. பெட்டியைச் சோதிப்பது போலவே ஆளை அறிவதும் தேவைதான். ஆனால் தமிழ்ப் பயணி ஆவணத்தைவிட அதிகமாக இடறுவது பெயரில்.

ஆச்சியின் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதில் அவர் பெயர் இரண்டு முறை அச்சாகியிருந்தது. இணையதளம் முதல் பெயர் கேட்டது, பேரன் கொடுத்தான். கடைசிப் பெயர் கேட்டது. இனிஷியலைப் போட்டான், ஒற்றை எழுத்தை ஏற்காமல் கட்டம் சிவந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. கடைசியில், பலரும் செய்வதுபோல, அதே பெயரை இன்னொரு முறை தட்டினான். வேறு சிலர் தந்தை பெயரைப் போடுகிறார்கள், மணமான பெண்கள் கணவர் பெயரை. ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால் நான்கு விதமான 'கடைசிப் பெயர்' வருகிறது.

அந்தக் கட்டம் நம்மிடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் தம் பெயரிலிருந்த 'நாயக்கர்' என்பதை நீக்கினார். ஓரிரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோரின் பெயர், ஒரு முன்னெழுத்தும் ஒரு பெயருமாக நின்றது. பெயரைக் கேட்டதும் சாதி தெரியக்கூடாது என்று ஒரு சமூகம் முயன்று வெறுமையாக்கிய இடம் அது. அந்த இடத்தை நிரப்பினால்தான் விமானம் ஏறலாம் என்று ஒரு மென்பொருள் அடம்பிடிப்பதைச் சாதாரணத் தொழில்நுட்பச் சிக்கலாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டல். 'ழ'கரத்தை ஒரு அலுவலகத்தில் 'இசட் எச்' என்று எழுதுகிறார்கள், இன்னொன்றில் 'எல்' ஒன்றோடு முடித்துவிடுகிறார்கள். லட்சுமிக்கு நடுவில் 'கே எஸ் எச்' போடுகிறவர் உண்டு, 'எக்ஸ்' போடுகிறவரும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வம்' என்று இருப்பவர் ஆதாரில் 'செல்வம் மு' ஆகிறார். பான் கார்டு விண்ணப்பம் முன்னெழுத்தை ஏற்காது என்பதால் அங்கே 'செல்வம் முத்துசாமி'. கல்யாணத்துக்கு முன் எடுத்த வாக்காளர் அட்டையில் தந்தையின் பெயரும், பின்னர் திருத்திய ஆதாரில் கணவரின் இனிஷியலுமாகப் பெண்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்ற வரம்பும் இருக்கிறது.

வாசலில் நிற்கும் வீரர்கள் பெரும்பாலும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள், பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனால் விட்டுவிடுகிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பார்க்கிறவர்களின் அந்த நிதானம் பாராட்டுக்குரியது. ஆனாலும் ஒருவர் விட்டுக்கொடுப்பதை நம்பிப் பயணம் போவது உரிமை ஆகாது. நேற்று இருந்தவருக்கு 'மு' என்றால் முத்துசாமி என்று புரிந்தது. இன்று இருப்பவர் வேறு மாநிலத்தவர். விளக்கிச் சொல்லப் பயணிக்கு இந்தி தெரியாது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்டபோது 'நீங்கள் இந்தியரா' என்று தம்மிடம் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் கேட்டதாகக் கனிமொழி எம்.பி. பொதுவெளியில் எழுதினார், படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கே அந்த நிலை என்றால், சுருக்குப் பையோடு தனியாக வரும் ஆச்சிக்கு வாசலில் யார் துணை?

இனி அந்த விட்டுக்கொடுப்பும் குறையப்போகிறது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய டிஜியாத்ரா 2024-இல் சென்னைக்கும் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். வரிசை குறைவு, காகிதம் இல்லை. அவசரமாகப் போகிறவருக்கு வசதிதான். ஆனால் அதில் பதிவுசெய்ய ஆதார் வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். 'செல்வம் மு', 'செல்வம் செல்வம்' இரண்டும் ஒரே ஆள்தான் என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? விருப்பமிருந்தால் மட்டும் பயன்படுத்தலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்த வாக்கு காக்கப்பட வேண்டும். முகம் காட்டாதவர்களுக்கான வாசலில் ஆட்களைக் குறைத்து, வரிசையை நீளவிட்டு, மறைமுகமாக எல்லோரையும் இயந்திரத்தின் பக்கம் தள்ளக் கூடாது.

பெயரில் தவறு நேர்ந்தால் திருத்தவும் விதி இருக்கிறது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும். ஆனால் ஊரில் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுக்கிறவருக்கு இந்தச் சலுகை எட்டுவதில்லை. முதல் முறை விமானம் ஏறுகிறவர்கள் பலரும் டிக்கெட் எடுப்பது அங்கேதான். எங்கே எடுத்தாலும், அதே ஆளின் பெயரை விரித்தெழுதுவதற்கும் எழுத்துக்கூட்டலைச் சரிசெய்வதற்கும் புறப்படும் நாள்வரை பணம் வாங்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆணையிட வேண்டும்.

டிக்கெட்டோடு வரும் குறுஞ்செய்தியில் அந்தப் பத்து ஆவணங்களின் பெயரையும் தமிழில் போடலாம்; வாசலில் ஒரு பலகையும் வைக்கலாம். ரேஷன் கார்டைச் சேர்க்கும்படி மாநில அரசு எழுதிக் கேட்க வேண்டும். அடையாளத்தைத் தொலைத்து வருகிறவரின் கைரேகையை வைத்து ஆதாரைச் சரிபார்க்கும் மேசை ஒன்றை விமான நிலையத்திலேயே போடலாம். ரேஷன் கடையில் மாதாமாதம் நடக்கும் வேலைதான் அது.

பெயர்க் கட்டத்துக்குத் தீர்வைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே வரிதான். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடலாம். ரயில்வே தளத்தில் பயணியின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம், அதில் 'மு. செல்வம்' என்று போட்டுவிட்டுக் கன்னியாகுமரியிலிருந்து டெல்லிவரை போய் வருகிறார்கள். உலகளாவிய முன்பதிவு அமைப்பு இரண்டு பெயர் கேட்கிறது என்று விமான நிறுவனங்கள் காரணம் சொல்லக்கூடும். கேட்டால் அதை உள்ளே இருக்கும் மென்பொருள் பிரித்துக் கொடுத்துக்கொள்ளட்டும். மதுரையிலிருந்து மும்பைக்குப் போகும் டிக்கெட்டில், ஆதாரில் இருக்கிறபடியே ஆச்சியின் பெயர் ஒரு முறை மட்டும் அச்சாகட்டும், இனிஷியலோடு.