‘எடையைக் குறையுங்கள்’ என்பது மட்டும் சிகிச்சை ஆகுமா?

நீரிழிவு என்று முதன்முறையாக நிர்ணயமாகிற நாளில், நோயாளி சற்றுப் பருத்த சரீரமுடையவராகவும் இருந்துவிட்டால், அவர் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஆறுதலாகவோ விளக்கமாகவோ இருப்பதில்லை. ‘முதலில் எடையைக் குறையுங்கள்’ என்ற கட்டளையாகவே இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என்றும், மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்றும் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இனிக் கண்ணுக்கு என்ன ஆகும், காலுக்கு என்ன ஆகும், பிள்ளைகளுக்கும் இது வருமா, மாத்திரையை ஒருநாளும் நிறுத்த முடியாதா என்று மனத்துக்குள் கேள்விகள் முட்டி மோதிக்கொண்டிருக்கிற அந்த மனிதரிடம், வெளியே காத்திருக்கும் கூட்டத்தை உத்தேசித்து இரண்டே நிமிஷத்தில் சொல்லி அனுப்பப்படுகிற அந்தக் கட்டளை, பிறகு வீட்டில் மனைவி வாயிலாகவும், கல்யாணப் பந்தியில் ஒன்றுவிட்ட சித்தப்பா வாயிலாகவும், தெருமுனையில் பாதி அறிமுகமானவர் வாயிலாகவும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தின்றே தேடிக்கொண்டீர் என்ற குற்றச்சாட்டு அதற்குள் மறைந்து நிற்கிறது. கட்டளை சுட்டுகிற திசையை நான் மறுக்கவில்லை. ஆனால் அளவும் காலமும் குறிப்பிடாமல் ஒரு வைத்தியர் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அதை மருந்துச் சீட்டு என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். எடை விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொண்டு, அது பலிக்காதபோது பழியை நோயாளியின் தலையிலேயே சுமத்திவருகிறோம்.

குற்றச்சாட்டை முதலில் ஆராய்வோம். பருமனுக்கும் இந்த வியாதிக்கும் உள்ள சம்பந்தம் மெய்யானதே. தோலின் கீழே சேர்த்துவைக்க இடம் போதாமற்போகும் கொழுப்பு கல்லீரலிலும் கணையத்திலும் படிந்து, ஒருபுறம் இன்சுலினின் ஆணைக்குக் கல்லீரல் கட்டுப்படாதபடி செய்கிறது. மறுபுறம் அந்த இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களையே சோர்வடையச் செய்கிறது. ஆனால் அந்த இடம் யாருக்கு எவ்வளவு வாய்த்திருக்கிறது என்பதைப் பரம்பரை பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. எதிரில் நிற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடியது அன்று. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற வைத்தியரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின் என்ற வைத்தியரும் 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ பத்திரிகையில் தங்கள் உடம்புகளையே உதாரணமாக வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3, இருவரில் ஒருவரையும் பருத்தவர் என்று சொல்ல முடியாது. ஆயினும் உடம்பில் கொழுப்பின் பங்கு லண்டன்காரருக்கு 9.1 சதவீதமாகவும் புனேக்காரருக்கு 21.2 சதவீதமாகவும் இருந்தது. அந்தக் கணக்கில் மேல்நாட்டாருக்கு 25இல் தொடங்குகிற மிகை எடை நமக்கு 23இலேயே தொடங்குவதாகவும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றும் நம் வைத்தியர்கள் வகுத்துக்கொண்டது இத்தகைய காரணங்களால்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். ஒரு தேசத்தில் இத்தனை பேருக்கும் ஒரே தலைமுறையில் மனவுறுதி குன்றிப்போய்விட்டது என்று வாதிப்பவர், அரிசி, ஆலை, அலுவலக நாற்காலி, இரவு வேலை, நடக்க இடமில்லாத தெரு ஆகிய சகல சாட்சிகளையும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லுகிறவர் ஆவார்.

இனி, எடை குறைவது எப்படிப்பட்ட காரியம் என்பதைப் பார்க்கலாம். உணவைச் சுருக்கிச் சில கிலோ குறைந்த மாத்திரத்தில், சரீரம் அதைப் பஞ்சகாலம் என்றே எண்ணிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று மூளைக்குத் தெரிவிக்கும் சுரப்பு குறைகிறது. சும்மா இருக்கையில் செலவாகும் சக்தியும் முன்னைவிடச் சுருங்கிவிடுகிறது. சுரப்புகளில் நேரும் இந்த மாறுதல்கள் ஓர் ஆண்டு கழிந்த பின்னும் நீங்குவதில்லை என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று 2011இலேயே காட்டியது. எட்டு மாதம் பட்டினி கிடந்து குறைத்ததை அடுத்த எட்டு மாதத்தில் திரும்பப் பெற்றவரைச் சபலக்காரர் என்று ஏசுகிறவர்கள், அவர் சரீரத்தோடு போரிட்டுத் தோற்றார் என்பதை அறியாதவர்கள். போதாக்குறைக்கு, வியாதிக்குக் கொடுக்கும் மருந்துகளிலேயே சில எடையைக் கூட்டுகின்றன. இன்சுலின் கூட்டும், கிளிமெபிரைடு வகை மாத்திரைகள் கூட்டும், அவற்றால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, உடம்பு வியர்த்து நடுங்குகிற வேளையில், எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எந்த முனிவராலும் முடியாது. மெட்ஃபார்மின் அப்படியன்று. ஆகவே எந்த மருந்து என்று தேர்கிற நேரத்தில் எடையையும் கணக்கில் கொள்ளுவது வைத்தியரின் கடமையே. ஒரு கையால் எடை கூட்டும் மருந்தை எழுதிக்கொண்டே மறு கையால் எடைக்கருவியைச் சுட்டிக்காட்டுவது எந்த வகை நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருக்கிற காலத்தில், உண்டதன் சத்து சிறுநீரோடு வெளியேறிவிடுவதால் ஆள் தானாகவே மெலிகிறார். காண்போர் எல்லோரும், நன்றாக இளைத்திருக்கிறீர்களே என்று கொண்டாடுகிறார்கள். சிகிச்சை தொடங்கிச் சத்து உடம்பில் தங்கியதும் எடை சற்று ஏறுகிறது. அப்போது அதே வாய்கள் கண்டிக்கின்றன.

இவ்வளவையும் சொன்னதால் எடை குறைவதில் பிரயோஜனம் இல்லை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆராய்ச்சியில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரையில் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே கொண்ட திரவ ஆகாரம் கொடுத்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திருப்பினார்கள். ஓர் ஆண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நின்றது. இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகத் தாழ்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நம் பத்திரிகைகள் அதிகம் பேசாத எண் வேறொன்று. அதே ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்ட மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான நல்ல சிகிச்சை எல்லாம் கிடைத்தது. அவர்களில் நோய் தணிந்தவர்கள் வெறும் 4 சதவீதம். இரு பிரிவினரும் ஒரே நாட்டினர்; ஒரே வகையான வைத்தியசாலைகளுக்கு வந்தவர்கள். முதற்பிரிவினருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை ஒரு திட்டமும், பயிற்சி பெற்ற செவிலியரோ உணவு நிபுணரோ அடிக்கடி அழைத்துப் பேசுவதும், எடை மீண்டும் ஏறினால் கைகொடுக்கும் ஏற்பாடுமே.

அந்தத் திரவ ஆகாரத்தைத் தாமாகவே தொடங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது என்பதே பதில்; மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வைத்தியர் அறியாமல் அவ்வளவு உணவைச் சுருக்கினால் ஆபத்து நேரலாம்.

எல்லாருக்கும் 15 கிலோ சாத்தியமும் இல்லை. சாத்தியப்படாதவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லுவேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய அந்த ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. உணவிலும் நடையிலும் முறையான மாற்றம் செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ பெரிதாகக் குறையவில்லை. உண்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைகளே வாங்கிக்கொள்ளுகின்றன என்பதால், தினமும் நடக்கிறவருக்கு எடைக்கருவி அசையாத நாளிலும் உள்ளே லாபம் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக நோய் கண்டவர் அந்தக் கருவியின் முள்ளையே தம் குணத்துக்கு மதிப்பெண்ணாகக் கருதி, அது நகராத முதல் மாதத்திலேயே மனமுடைந்து நடையையும் விட்டுவிடுகிறார். இந்த ஒரு செய்தியை அவரிடம் யாரும் சொல்லாததே காரணம்.

வீட்டுக்குள் வருவோம். காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் தோசை என்று நாள் முழுதும் மாவுப்பொருளிலேயே வளர்ந்த நாக்கு, கேழ்வரகுக் கூழுக்கு மாறினால் போதும் என்று எண்ணுகிறது. அரைத்துக் கரைத்துக் காய்ச்சிய கூழும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். கருப்பட்டி சர்க்கரை ஆகாதாம், தேன் மருந்தாம். பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ என்று நம் ஊரில் நீரிழிவுக்கு மருந்து சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இலர். அவர்களில் மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறவர் மட்டுமே அபாயகரமானவர், மற்றவர்களைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகலாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் கீரையையும் இரட்டிப்பாக்கி, பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ சேர்த்து, காயை முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்ணுவது என்ற எளிய ஏற்பாட்டுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் நோயாளி ஒரு பெண்ணாக இருந்து, ஐந்து பேருக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு, மிச்சமிருக்கிற சோற்றில் ரசத்தை ஊற்றி உண்டு எழுகிறவராக இருந்தால், காயும் பருப்பும் பாத்திரத்தில் அவருக்கு மீந்திருப்பது அபூர்வம். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் பிடிக்காததை அவர் தமக்கென்று தனியே சமைத்துக்கொள்ளுவார் என்று எதிர்பார்ப்பவர், தமிழ்க் குடும்பத்தைப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்போ குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ஏழை வீட்டில் சோற்றைக் குறை என்று சொல்லுகிற அரசாங்கம், அதன் இடத்தில் எதை வைப்பது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பழிச்சொல்லால் விளையும் பெரிய தீங்கு, அது மனிதரை ஒளிந்துகொள்ளச் செய்வது. வைத்தியர் கோபித்துக்கொள்வாரே என்று அஞ்சி, சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பட்டினி கிடக்கிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று மாதச் சராசரி அந்தத் தந்திரத்துக்கு ஏமாறுவதில்லை. அதனினும் கெடுதல், எடை குறையவில்லை என்ற வெட்கத்தால் அடுத்த தடவை போகாமலே இருந்துவிடுவது. நோய் கண்ட தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு அதன் நன்மை பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது என்று பிரிட்டனின் நெடிய ஆராய்ச்சி ஒன்று 2008இல் நிரூபித்தது. விழித்திரையோ நோய் நிர்ணயமாகும் நாளிலேயே சிலருக்குப் பழுதுபட்டிருக்கும். கண் சோதனையை ஒத்திப்போட்டால் அது தெரியவராது.

வைத்தியருக்கு நேரமில்லை என்று சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய மாகாணம் இது. மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி, இன்று மாநிலமெங்கும் நடக்கிறது. அந்தத் திட்டத்தில் மாத்திரைப் பையோடு படியேறுகிற பெண் தன்னார்வலர், எந்த வைத்தியரும் காணாத இடத்தைக் காண்கிறார்: அடுப்பையும், அரிசிப்பானையையும், யார் கடைசியில் உண்ணுகிறார் என்பதையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோய் நிர்ணயமான முதல் மாதத்துக்குள் உணவு நிபுணர் ஒருவரோடு அரைமணி நேரம், அந்தச் சந்திப்புக்கு வீட்டில் சமைக்கிறவரையும் வரவழைப்பது, எவ்வளவு எடை, எத்தனை மாதத்தில், எந்த வழியில் என்று தாளில் எழுதிக் கொடுப்பது, பிறகு மாதந்தோறும் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, கடிந்துகொள்ளாமல், இந்த மாதம் எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேட்கும்படி அத்தன்னார்வலருக்குப் பயிற்சி அளித்து, அதற்கேற்ப அவர் ஊதியத்தையும் உயர்த்துவது: அடுத்த நிதிநிலை அறிக்கையில் நான் தேடப்போவது இவற்றுக்கான ஒதுக்கீட்டைத்தான்.