புள்ளிக் கோலமும் பாட்டு இலக்கணமும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்த ஊரின் தெருவிலும் சாயங்காலத்தில் ஒரு ராகம் கேட்கும். "நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா" என்று பத்தாம் வகுப்புப் பெண் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு குறளைக் கொடுத்து, "அலகிட்டு வாய்பாடு தருக" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கான தவம் இது.

ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் தாயார் கை கால் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். "இதெல்லாம் என்னடி?" என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்று பதில் வருகிறது. தாயாரும், "ஆமாம், நமக்கு எங்கே படிப்பு?" என்று பேசாமல் இருந்துவிடுகிறாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம். உங்கள் பெண்ணுக்கு மார்க்கு கிடைக்கிறதோ இல்லையோ, "பாட்டு என்பது அம்மாவுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்" என்ற எண்ணம் மட்டும் அவள் மனசில் விழக்கூடாது. அது உண்மை அல்ல என்பதுதான் காரணம். இந்த வாரம் பாட்டின் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். வீட்டில் மாணவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போடுகிறீர்கள். முதலில் புள்ளி, பிறகுதான் இழை. நேர்ப்புள்ளி வைத்தால் ஒரு விதமான கோலம், இடைப்புள்ளி வைத்தால் வேறு விதம். புள்ளி தப்பினால் கோலம் கோணிவிடும். செய்யுளும் அப்படித்தான். அங்கே புள்ளிக்கு 'அசை' என்று பெயர். ஒரு நெடிலோ, ஒரு குறிலோ தனியாக ஒலித்தால், பின்னால் ஒரு மெய்யெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும், அது நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து ஓடினால் அது நிரை. அசைகள் சேர்ந்தால் சீர். சீர்கள் சேர்ந்தால் அடி. ஒரு சீர் அடுத்த சீரோடு கை கோக்கும் முறைக்குத் தளை என்று பெயர். அவ்வளவுதான் சூத்திரம்!

இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. அவர்களுடைய சிநேகிதிகளின் பெயர்களையே அலகிடச் சொல்லுங்கள். மீனா: நேர் நேர், தேமா. சல்மாவும் தேமா. மேரியும் தேமாதான். கவிதா: நிரை நேர், புளிமா. பரிதாவும் புளிமா. எந்த வீட்டுப் பெண் என்று இலக்கணம் கேட்பதே இல்லை, பார்த்தீர்களா! பிறகு ஊர்ப் பெயர்களுக்குப் போகலாம். வேலூர், ஆம்பூர் இரண்டும் தேமா. குடியாத்தம் புளிமாங்காய். வாணியம்பாடிக்கு நான்கு அசை. அதனால் வெண்பாவுக்குள் அந்த ஊர் நுழையவே முடியாது! ஆனால் கவிகளுக்குப் பெயர் போன ஊர் அது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

தமிழில் பழைய பாக்கள் நான்கு: வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா. ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை உண்டு. வெண்பா ஒருவர் எதிரில் உட்கார்ந்து செய்தி சொல்வது போல் இருக்கும். இதைச் செப்பலோசை என்பார்கள். ஆசிரியப்பா அகவிக் கூப்பிடுகிற மாதிரி நீண்டு போகும். மணிமேகலை முழுவதும் இந்த நடைதான். கலிப்பா துள்ளும், கலித்தொகை அதன் வீடு. வஞ்சிப்பா தூங்கி அசையும். பட்டினப்பாலையில் அதைக் காணலாம்.

இவற்றுள் பிடிவாதக்காரி வெண்பாதான். மா என்று முடியும் சீருக்குப் பின் நிரைதான் வரவேண்டும். விளத்துக்குப் பின் நேர். காய்க்குப் பின்னும் நேர். கடைசி அடியில் மூன்றே சீர். அதிலும் கடைசிச் சீர் 'நாள், மலர், காசு, பிறப்பு' என்ற நான்கில் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டே அடியில் வந்தால் குறள் வெண்பா. மூன்றடி சிந்தியல். நான்கடியில் வந்து, இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சீர் நின்றால் நேரிசை வெண்பா. ஐந்து முதல் பன்னிரண்டு அடி வரை பஃறொடை. அதற்கு மேல் போனால் கலிவெண்பா.

திருக்குறளை எடுத்து அலகிடுவதைப் பள்ளிக்கூடத்தில் செய்துவிடுவார்கள். நாம் நம் ஊருக்கென்று ஒன்று கட்டிப் பார்ப்போம். நானே முயன்றது; புலவர்கள் மன்னிப்பார்களாக!

ஊரார் நடக்க உழைக்கின்ற தாயவளைப்
பாராட்டிப் பாடல் படிப்பு.

ஊரே நடப்பதற்காகச் செருப்புத் தைக்கிறாளே தாய், அவளைப் பாராட்டிப் பாடுவதுதான் படிப்பு என்று பொருள். உங்கள் பெண்ணை அலகிடச் சொல்லுங்கள். ஊரார், தேமா. நடக்க, புளிமா. உழைக்கின்ற, புளிமாங்காய். தாயவளைப், கூவிளங்காய். பாராட்டிப், தேமாங்காய். பாடல், தேமா. படிப்பு, பிறப்பு. 'ஊரார்', 'பாராட்டி' என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது அல்லவா? அது எதுகை. 'பாராட்டி, பாடல், படிப்பு' என்று முதல் எழுத்து ஒன்றினால் மோனை.

"இத்தனை கட்டுப்பாடு எதற்கு? மனசில் இருப்பதை எழுதிவிட்டுப் போகக்கூடாதா?" என்று உங்கள் பையன் கேட்பான். நியாயமான கேள்வி. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு இதற்குப் பதில் தெரியும். வெட்டித் தைத்த தோலை அப்படியே காலில் மாட்ட முடியுமா? பாதத்தின் வடிவத்தில் ஓர் அச்சுக் கட்டை இருக்கிறது, லாஸ்ட் என்பார்கள். அதன்மேல் தோலை இழுத்துப் பொருத்துகிறார்கள். வேலை முடிந்ததும் கட்டையை உருவி எடுத்துவிடுகிறார்கள். கட்டை போய்விடுகிறது; வடிவம் நின்றுவிடுகிறது. பாவின் இலக்கணமும் அப்படிப்பட்ட கட்டைதான். கேட்பவருக்கு அது கண்ணில் படக்கூடாது. ஆனால் அது இல்லாமல் அந்த வடிவம் வந்திருக்காது. எல்லாக் காலுக்கும் ஒரே கட்டை ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது. அதனால்தான் இத்தனை வகைப் பாக்கள்.

பிற்காலத்தில் விருத்தம் ஓங்கியது. திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியை விருத்தத்தில் பாடிக் காட்டினார். கம்பர் அதில் கடலையே கட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டில் வந்த அருணகிரிநாதர் சந்தத்தைக் கையில் எடுத்தார். வேலூருக்குப் பக்கத்து விரிஞ்சிபுரத்துக்கும் வள்ளிமலைக்கும் அவருடைய திருப்புகழ்ப் பாடல்கள் உண்டு. அந்த வள்ளிமலையில் தங்கித் திருப்புகழைப் பரப்பியவர்தான் வள்ளிமலை சுவாமிகள் (1870–1950). "தனன தான" என்று தாளம் தட்டிக்கொண்டே படித்தால், பொருள் விளங்காத குழந்தைக்குக்கூட ஓசை விளங்கிவிடும். பாட்டைக் கற்பிக்க வேண்டிய வரிசை அதுதான். முதலில் காது, பிறகு கண், கடைசியில் பேனா.

பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும். பெண் குழந்தையானால் அம்மானையும் ஊசலும் வரும். ஊசல் என்றால் வேறு ஒன்றும் இல்லை, ஊஞ்சல்தான். தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. பார்த்தீர்களா? தொட்டில் கட்டி ஆட்டிய பாட்டையும், சப்பாணி கொட்டச் சொன்ன பேச்சையும் வீட்டுக் கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்த்தான் புலவர்கள் பிரபந்தமாக்கினார்கள். "நமக்கு எங்கே படிப்பு?" என்று சொன்ன தாயாருக்கு இது தெரியவேண்டும். அவள் தாலாட்டில் மாமன் பெயரையும் அத்தை பெயரையும் அந்தந்த இடத்தில் இட்டுக் கட்டினாளே, ஓசை எங்கேயாவது தட்டிற்றா? எதுகை யார் சொல்லிக் கொடுத்து வந்தது?

இனி வாணியம்பாடிக்கு வருவோம். இந்தத் தோல் வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். அங்கே பாட்டுக்கு 'முஷாயிரா' என்று ஒரு சபை கூடும். கவிஞர் ஓரடி சொல்லி நிறுத்துவார், சபை "வாஹ், வாஹ்!" என்று கேட்டு வாங்கும். அங்கே பெருமைக்குரிய வடிவம் கஜல். இரண்டிரண்டு அடியாக வரும். ஒவ்வொரு ஈரடியும் தனி முத்து. கதை தொடரவேண்டும் என்று நியதி இல்லை. ஈரடியின் முடிவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், அது ரதீஃப். அதற்கு முந்தைய சொல் ஓசையில் ஒத்து மாறும், அது காஃபியா. முதல் ஈரடியில் மட்டும் இரண்டு அடியுமே அப்படி முடியும். தமிழில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

பாலாற்று மணலில் உன் பாதம் தேடி வருகிறேன்,
காலாற நடந்த வழியெல்லாம் பாடி வருகிறேன்.

நீரில்லாத ஆறென்று நீ சிரித்தாய் அன்றொருநாள்,
ஊறும் ஒரு துளிக்காகவே உள்ளம் வாடி வருகிறேன்.

'வருகிறேன்' என்பது ரதீஃப். 'தேடி, பாடி, வாடி' காஃபியா. நம்முடைய இயைபுத் தொடைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. எதுகை அடியின் வாசலில் நின்று வரவேற்கும். காஃபியா கொல்லைப்புறத்தில் நின்று வழியனுப்பும். உருது பேசும் வீட்டுக் குழந்தைக்குத் தமிழ் யாப்புக் கசந்தால், "உன் தாத்தா ரசித்த கஜலில் இருக்கிறதே, அதேதான் இங்கே வேறு இடத்தில் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கசப்புப் பாதி குறைந்துவிடும்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் பாலம் போட்ட ஒருவர் இந்த ஊரிலேயே இருந்தார். மதுரையில் 1937-ல் பிறந்த அப்துல் ரகுமான், 1919-ல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1974-ல் 'பால்வீதி' வெளிவந்தது. 'ஆலாபனை'க்கு 1999-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கஜலையும் ஹைக்கூவையும் தமிழுக்குப் பழக்கினார். 'மின்மினிகளால் ஒரு கடிதம்' அவருடைய கஜல் தொகுதி. 2017-ல் மறைந்தார். கவிக்கோ என்று தமிழுலகம் அழைத்த அவர் மரபையும் கற்றவர், புதுக்கவிதையையும் எழுதியவர். ஒன்றைப் பிடிக்க மற்றொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஹைக்கூ ஜப்பானியர் வடிவம். அவர்கள் பாஷையில் ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணி மூன்று வரி. தமிழருக்கு இதை அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916-ல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தமிழில் அசை எண்ணுவதில்லை; ஒரு காட்சியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. உதாரணத்துக்கு ஒன்று:

வேலை முடிந்தது.
பஸ் ஜன்னலோரம் தூங்குகிறது
வாடாத மல்லிகைச் சரம்.

பூ வைத்துக்கொண்டவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அவள் தெரிகிறாள், அவளுடைய அலுப்பும் தெரிகிறது அல்லவா?

இலக்கணக் கட்டை எதுவும் வேண்டாம் என்று வந்தது புதுக்கவிதை. ந. பிச்சமூர்த்தி 1930-களிலேயே தொடங்கி வைத்தார். 1959-ல் சி. சு. செல்லப்பா ஆரம்பித்த 'எழுத்து' பத்திரிகை அதற்கு வீடு கொடுத்தது. "வாக்கியத்தை உடைத்துப் போட்டால் கவிதையா?" என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். உடைத்தால் மட்டும் ஆகாதுதான். வெளியிலிருந்து வரும் தாளத்தை விட்டவன் உள்ளிருந்து ஒரு தாளத்தைக் கொண்டுவர வேண்டும். அது வெண்பாவைவிடச் சுலபம் என்று நினைப்பவர் எழுதிப் பார்க்கட்டும்!

மாணவர்களுக்கு மூன்று யோசனைகள். முதலாவது, எந்தப் பாட்டையும் முதலில் உரக்கப் படியுங்கள். அர்த்தம் பிறகு வரட்டும். இரண்டாவது, ஒரே விஷயத்தை, பாலாற்றையோ பள்ளிக்கூட மணியையோ, குறள் வெண்பாவாகவும் ஹைக்கூவாகவும் புதுக்கவிதையாகவும் எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டை அதற்குப் பொருந்துகிறது என்று கை சொல்லும். மூன்றாவது, வீட்டில் பாட்டியோ அம்மாவோ பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருதுவில் பாடினால் உருதுவில், தெலுங்கில் பாடினால் தெலுங்கில். அச்சேறாத பாட்டுக்கு ஆயுள், அதைப் பாடுகிறவரின் ஆயுள்தான். பாட்டி போனால் அதுவும் போய்விடும்.

தாய்மார்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த முறை உங்கள் பெண் "உனக்குப் புரியாதும்மா" என்று சொன்னால் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடாதீர்கள். "நீ தொட்டிலில் கிடந்தபோது நான் பாடினதை இப்போது பாடுகிறேன். அலகிட்டுச் சொல்லு பார்க்கலாம்!" என்று கேளுங்கள்.